முகத்தை மொழிபெயர்த்தவள்

சிவமலர் தன் நோயை எல்லோருக்கும் ஒளித்துவைத்துச் செத்துப்போனாள் என்று ஜெர்மனியில், வுப்பர்டாலில் இருக்கிற எங்கள் சனம் நம்புகிறது. அவளுடைய புருசன் நம்புகிறான். அவள் பெற்ற பிள்ளையும் நம்புகிறாள்.

அது பொய். அந்தப் பொய்யைச் சொன்னவள் நான்.

இனி நீங்கள் இதை மூடி வைத்தாலும் சரி, வாசித்தாலும் சரி. நான் ஆறுதலாக, மெல்ல மெல்லத்தான் எழுதுவேன். ஊரில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தமிழை எழுத்துக்கூட்டி எழுதுவேன். ஜெர்மன் எழுத்து ஒன்றும் எனக்குப் பிடிபடாது. ஆனால் ஜெர்மன் பேசுவேன்... அது சும்மா பேச்சில்லை! வெள்ளைக்காரர் திரும்பிப் பார்ப்பார்கள். பெருமை பேசுகிறாள் என்று நினைப்பீர்கள். ஓம், பெருமைதான். அந்தப் பெருமை என்ன செய்தது என்றுதான் சொல்ல வந்தேன்.

எனக்கு ஜெர்மன் பழக்கியவர் ஓர் அமெரிக்கர். ரீவியில் நடிப்பவர். பெயரை எழுத மாட்டேன், அந்த மனுசன் இதில் ஒரு பாவமும் அறியாதவர்.

நாங்கள் வந்த புதிதில் அகதிகளை வைத்திருந்த ஹைமில் பொது அறை ஒன்று இருந்தது. அங்கே ஒரு பழைய ரீவி. பின்னேரங்களில் அமெரிக்கத் தொடர்களை ஜெர்மனில் போடுவார்கள். ஒன்றில் அவர் பொலிஸ்காரர். சாம்பல் நிறக் கண். அவசரமில்லாத பேச்சு. ஒரு சொல்லையும் விழுங்க மாட்டார். அவர் சொன்னதை நான் வாய்க்குள்ளே திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பேன். என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

"உன்ரை மாஸ்ரர் வந்திட்டார். ஓடிப்போய்ப் படி."

அன்று தொடக்கம் எங்களுக்கு அவர் மாஸ்ரர்.

பொலிஸ்காரர் முடிந்து மாஸ்ரர் ஒரு தொடரில் வக்கீலாக வந்தார். நான் வக்கீல் பேச்சுப் பழகினேன். வீட்டுச் சொந்தக்காரன் எங்களை வீட்டை விட்டு எழும்பச் சொன்ன நேரம், மாஸ்ரர் நீதவானுக்கு முன்னால் நிற்பது போல ஒரு கையை மேசையில் ஊன்றிக்கொண்டு பேசினேன். அவன் பிறகு அந்தக் கதையே எடுக்கவில்லை. பகிடித் தொடர் ஒன்றில் நாலு பெட்டைகளுக்குத் தகப்பனாக வந்தார். அதைக் கொண்டு பள்ளிக்கூடத்து ரீச்சர்மாரோடு கதைத்தேன். பாதிரியாராக வந்தார். செத்தவீட்டில் வெள்ளைக்காரருக்கு என்ன சொல்லவேண்டும் என்று அதில்தான் அறிந்தேன்.

ஒரு மனுசன், எத்தனை மனுசன்! நடையே மாறிவிடும். பொலிஸ்காரனாக இருக்கும்போது தோள் முன்னுக்குப் போகும், கால் பின்னால் வரும். பாதிரியாராக இருக்கும்போது கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்பார். கொலைகாரனாக ஒருக்கால் வந்தார்... ஒரு பொம்பிளையின் கழுத்தை நெரித்துவிட்டு, இருந்து அப்பிள் வெட்டிச் சாப்பிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு ரீவியை நிற்பாட்டினேன். அன்று அடுப்பும் மூட்டவில்லை. வீட்டுக்காரர் பசியோடு சொன்னார்: "அந்தாளுக்கும் வயிறு இருக்கு. வாற வேலையைச் செய்யிறார். நீ ஏன் எனக்குத் தண்டனை தாறாய்?"

அதன்பிறகுதான் அவர் டொக்டர் ஆனார். பெரிய ஆஸ்பத்திரித் தொடர். வருசக்கணக்காக ஓடியது. அந்தத் தொடர்தான்...

பொறுங்கள். என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும்.

எழுத்துத் தெரியாதவர்கள் முகம் வாசிப்பார்கள். மாஸ்ரர் பேசியதில் பாதிச் சொல் எனக்கு விளங்காது. ஆனால் கதை முழுக்க விளங்கும். கெட்ட செய்தி சொல்லவேண்டி வந்தால் அவர் நிற்க மாட்டார். ஒரு கதிரையை இழுத்து நோயாளிக்குக் கிட்ட இருப்பார். கண்ணாடியைக் கழற்றுவார். இரண்டு விரலால் மூக்குத்தண்டைப் பிடிப்பார். பிறகு ஒரு மௌனம். நல்ல செய்தி என்றால் நின்றபடியே சொல்லுவார். சிரிப்பார். கை கொடுப்பார். நோயாளி அழத் தொடங்குமுன்னமே நான் அழுதிருக்கிறேன். ஒருநாளும் பிழைத்ததில்லை.

எங்கள் ஆட்களுக்கு ஆஸ்பத்திரியோ அலுவலகமோ எதுவென்றாலும் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். "அக்கா வந்தால் காணும், வேறை ஒருத்தரும் வேண்டாம்" என்பார்கள். அந்தச் சொல் எனக்குச் சோறு மாதிரி. அது இல்லாமல் இருக்க ஏலாது என்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

சிவமலர் எங்கள் கட்டிடத்தில் மேல்மாடி. என்னை விட இளையவள். கூடப் பிறக்காத தங்கச்சி. குணம் என்று புருசன், ஒரு தொழிற்சாலையில் வேலை. ஒரே பிள்ளை, துஷி. அப்போது சின்னப் பெட்டை, ஜெர்மன் தண்ணீர் போலப் பேசும்.

சிவமலருக்குத் தீட்டு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. வெளியில் சொல்ல வெட்கப்பட்டாள். மெலிந்துபோனாள். நான்தான் கட்டாயப்படுத்தி டொக்டரிடம் கூட்டிப்போனேன். அந்தப் புண்ணியமும் என்னுடையதுதான்... எழுதும்போதே பாருங்கள், எனக்கு ஒரு புண்ணியம் தேடுகிறேன்! ஆஸ்பத்திரியில் சோதனை எடுத்தார்கள். முடிவு கேட்க ஒரு டெர்மின், நாளும் நேரமும் குறித்துத் தந்தார்கள். குணம் சொன்னான், துஷியைக் கூட்டிக்கொண்டு போகலாம், அவளுக்கு எல்லாம் விளங்கும் என்று. சிவமலர் மறுத்துவிட்டாள். தாயின் அந்தரங்கத்தைப் பிள்ளை வாயால் கேட்கிறதா? குணம் வருவதும் அவளுக்கு வெட்கம். அப்படியென்றால் மொழிபெயர்க்கிற ஆள் ஒருவரைக் கேட்டுப் பார்க்கட்டோ என்றான்.

எனக்குச் சுருக்கென்றது.

"ஏன் தம்பி, நான் என்ன செத்தே போனன்?" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

தொங்கு ரயிலில் போனோம். ஆற்றுக்கு மேலே அது ஆடும்போது சிவமலர் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டொக்டர் இளம் பொடியன். தாடி இன்னும் வடிவாக வரவில்லை. எங்களை இருக்கச் சொல்லிவிட்டு மேசையில் சாய்ந்து நின்றான். கதிரையை இழுக்கவில்லை. கண்ணாடி போட்டிருந்தான், கழற்றவில்லை. பேசத் தொடங்கினான்... அம்மா! என்ன வேகம்! நீளச் சொற்கள், ஒன்றின் வாலை ஒன்று கடித்துக்கொண்டு ஓடின. மாஸ்ரர் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. நான் சொற்களை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தேன்.

சிரித்தான். தொடக்கத்திலிருந்து முடிவுவரை சிரித்தபடியே இருந்தான்.

இப்போது எனக்குத் தெரியும். பயந்த பொடியன் அப்படித்தான் சிரிப்பான். அவனுக்கும் அது முதல் தரமாக இருந்திருக்கலாம். நடிக்கத் தெரியாத முகம். அன்றைக்கு அதை நான் எப்படி அறிவேன்? நடிகனின் முகத்தில் படித்தவள் நான்!

விளங்குகிறதா என்று கேட்டான். அந்த ஒரு கேள்வி நன்றாக விளங்கியது.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சின்னச் சொல். குழந்தைக்கும் வரும் சொல். வாய் வரைக்கும் வந்தது. பக்கத்தில் சிவமலர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், கோயிலில் கதவு திறக்கப் பார்த்திருப்பவர் போல. மாஸ்ரரின் வக்கீல் குரலில், "அதிலென்ன சந்தேகம், டொக்டர்" என்று நல்ல தெளிவான ஜெர்மனில் சொன்னேன். அந்த உச்சரிப்பில் அவன் ஏமாந்துபோனான். முகம் தெளிந்தது. கை கொடுத்தான்.

நின்றபடி பேசினான். சிரித்தான். கை கொடுத்தான்.

வெளியில் வந்ததும் சிவமலர் கேட்டாள்: "என்னவாம் அக்கா?"

"பயப்பிட ஒண்டுமில்லையாம். உடம்பு மாறுற வயசாம். தானாச் சரிவருமாம்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். சந்தோசத்தில். நான் முதுகைத் தடவிவிட்டேன்.

இதுவரைக்கும் பிழை என்று சொல்லலாம். அறியாமை என்று சொல்லலாம். உங்களில் இரக்கமுள்ளவர்கள் மன்னிக்கவும் கூடும். மன்னிக்க அவசரப்படாதீர்கள்.

சில நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து ரெலிபோன் வந்தது. சிவமலர் கைபேசியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடிவந்தாள். "அக்கா, இந்தாங்கோ, ஜெர்மன்!" என்று என் காதில் வைத்தாள்.

ஒரு பொம்பிளைக் குரல். முகம் இல்லை. வாசிக்க ஒன்றுமே இல்லை! நான் இருட்டறையில் நிற்பவள் போல நின்றேன். அந்தக் குரல் இரண்டு தரம் ஒரே விசயத்தைச் சொன்னது. கடைசியில் ஒரு கேள்வி போல உயர்ந்து நின்றது. சிவமலர் என்ன என்ன என்று கையால் கேட்டபடி இருந்தாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒன்றும் விளங்கவில்லை என்பது அந்த நிமிசம் எனக்கு முழுக்க விளங்கியது. ஒன்றுமில்லை என்றால் ஏன் எடுக்கிறார்கள் என்ற எண்ணமும் வந்தது. வரவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

"ஓம், ஓம், நன்றி" என்று சொல்லி வைத்தேன்.

"காப்புறுதி அட்டையைப் பற்றிக் கேட்டவை. நான் எல்லாம் சொல்லிட்டன்" என்றேன்.

"நீங்கள் இல்லாட்டி நாங்கள் என்ன செய்யிறது, அக்கா" என்றாள்.

அன்றே துஷி பள்ளியால் வந்ததும் அந்த இலக்கத்துக்கு ஒரு தரம் எடுத்துப் பேசு பிள்ளை என்று சொல்லியிருந்தால் காணும். ஒரு சிறுபிள்ளை என் குறையைக் கண்டுபிடிக்கும் என்று பயந்தேன். ஒரு உயிருக்கும் என் மானத்துக்கும் நடுவில் தராசு வைத்தேன். எந்தத் தட்டு தாழ்ந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

அதன்பிறகு அவள் நோவென்று சொன்ன ஒவ்வொரு நாளும் நான் தேறுதல் சொன்னேன். மாஸ்ரரின் தொடரில் ஒரு பொம்பிளைக்கு இதே மாதிரி வந்து மாறியது என்றுகூடச் சொன்னேன். அப்படி ஒரு கதை வரவேயில்லை! நானே கட்டினது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மாஸ்ரரே சொல்லிட்டார் எண்டால் எனக்கென்ன பயம்" என்றாள்.

குளிர் தொடங்கிய நேரம் குசினியில் விழுந்தாள். அம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது. இந்த முறை ஆஸ்பத்திரிக்காரர் தாங்களே மொழிபெயர்க்க ஆள் வைத்தார்கள். குணத்துக்குச் சொன்னார்கள்: முதலிலேயே சொல்லியாயிற்று, கர்ப்பப்பையில் புற்று, உடனே வெட்டி எடுக்கவேண்டும் என்று. ரெலிபோனிலும் சொன்னோம். ஏன் வரவில்லை?

அவன் நடைபாதையில் என்னைக் கண்டு ஓடிவந்தான். பக்கத்து அறையில் சிவமலருக்கு அப்போது வாய்க்குள் குழாய். கண் மூடியிருந்தது.

"அக்கா, டொக்டர் அப்பவே சொன்னவராம்... உங்களுக்கு விளங்கேல்லையோ?"

கோபத்தோடு கேட்கவில்லை. கெஞ்சுவது போலக் கேட்டான். விளங்கவில்லை என்று நான் சொன்னால் அவன் என் காலில் விழுந்து அழுதிருப்பான், அவ்வளவுதான். என்னை அடித்திருக்க மாட்டான்.

நான் சொன்னேன்: "எனக்கு விளங்காமல் இருக்குமோ தம்பி? எல்லாம் அவளுக்குச் சொன்னனான். அவள்தான் பயந்துபோய், ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவள்."

எவ்வளவு ஒழுங்காக வந்தது பாருங்கள்! ஒரு இடத்திலும் தட்டுப்படவில்லை. வாய் திறக்க முடியாதவள் மேலே போட்டேன். அவள் காதில் அது விழுந்ததோ இல்லையோ... கதவு திறந்துதான் இருந்தது. இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கப்போவதில்லை.

மூன்றாம் நாள் போய்விட்டாள்.

செத்தவீட்டில் சனம் எனக்கு ஆறுதல் சொன்னது. தங்கச்சியின் இரகசியத்தைக் காத்த அக்கா! துஷி அழவில்லை. ஒரு மூலையில் நின்று, "அம்மா தெரிஞ்சுதான் எங்களை விட்டிட்டுப் போனவ" என்று ஒருவரையும் பாராமல் சொன்னாள்.

அவளை நான்தான் வளர்த்தேன் என்று சொல்லவேண்டும். குணம் வேலைக்குப் போக, அவள் என் குசினியில் சாப்பிட்டாள். தலைவாரி விட்டேன். பெரியபிள்ளையானபோது தண்ணீர் வார்த்தேன். பெரியம்மா, பெரியம்மா என்று காலைச் சுற்றினாள். அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்படிப்பு முடித்து இப்போது ஒரு பல் வைத்தியரிடம் வேலை. தாயைப் பற்றி ஒரு கதை எடுக்க மாட்டாள். திவசத்துக்கு வர மாட்டாள். அவளுடைய வீட்டில் தாயின் படம் இல்லை.

கேட்கிறீர்களா, ஏன் சொல்லவில்லை என்று? ஒவ்வொரு வருசமும் கேட்டுக்கொள்ளுவேன். சின்னப்பிள்ளை, தாங்காது என்றேன். பரீட்சை முடியட்டும் என்றேன். பிறகு... பிறகு அவளை இழக்க எனக்கு மனம் வரவில்லை. தாயைக் கொன்றேன், பிள்ளையை எடுத்துக்கொண்டேன். அப்படித்தான் வந்து முடிந்திருக்கிறது!

போன மாதம் துஷி வந்திருந்தாள். கலியாணம் பொருந்தியிருக்கிறது, கொலோன் பக்கத்துப் பொடியன். நானும் அவளும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க, ரீவியில் மாஸ்ரர் வந்தார். கிழவராகிவிட்டார். அவருடைய நடிப்பு வாழ்க்கை முழுவதையும் துண்டு துண்டாகக் காட்டினார்கள். பொலிஸ்காரர், வக்கீல், பாதிரியார், கொலைகாரன், டொக்டர்... என் ஆயுசு ஓடிக்கொண்டிருந்தது. இடையில் அவரை இருத்திக் கேள்வி கேட்டார்கள். முதல்தரமாக அவருடைய சொந்தக் குரலைக் கேட்டேன். இங்கிலிசில், மெல்லிய, கீச்சுக் குரல். அதற்கு மேலே ஒரு ஜெர்மன் குரல் ஏறிப் பேசியது. அவர் ஜெர்மன் பேசுவதில்லை, ஆளை வைத்துப் பேசுகிறார்கள் என்று முன்னமே எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் நம்பியதில்லை, வாய் அசைகிறதே என்று.

டொக்டராக நடித்ததைப் பற்றிக் கேட்டார்கள். அவர் சொன்னது, அந்த ஜெர்மன் குரலில், ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. ஆறுதலாகப் பேசுகிற மனுசன் அல்லவா. அந்த வைத்தியச் சொற்களில் ஒன்றுகூடத் தனக்கு விளங்கியதில்லையாம். மனப்பாடம் பண்ணினாராம். விளங்கினவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்பாராம். சனம் நம்பியதாம்.

இருந்த ஆட்கள் எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். அவரும் சிரித்தார்.

துஷியும் சிரித்தாள். "பாத்தியளே பெரியம்மா, உங்கடை மாஸ்ரருக்கு ஒண்டும் தெரியாதாம்."

அவர் செய்ததைத்தான் நானும் செய்தேன். அவருக்கு முன்னால் படுத்திருந்தவர்கள் படம் பிடித்து முடிந்ததும் எழும்பி வீட்டுக்குப் போனார்கள்.

துஷி ரீவியைக் குறைத்துவிட்டு என் பக்கம் திரும்பி இருந்தாள். கேட்கத்தான் வந்திருக்கிறாள்.

"பெரியம்மா, அப்பா தனிய எண்டபடியால் தாரை வார்க்கத் தம்பதியா ஆக்கள் வேணுமாம், ஐயர் சொல்லிட்டார். நீங்களும் பெரியப்பாவும்தான் நிக்கவேணும். என்ரை அம்மா நீங்கள்தானே."

அந்த நேரம் சொல்லியிருக்கலாம். வேறு ஒருவரும் வீட்டில் இல்லை. நான் வாய் திறந்தேன்.

"ஓம் பிள்ளை" என்றது வாய்.

அவள் என் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நான் என்னால் இயன்ற ஒன்றைச் செய்யப் பார்த்தேன். அவ்வளவாவது செய்யலாம் என்று நினைத்தேன்.

"மண்டப வாசலிலை கொம்மாவின்ரை படத்தையும் ஒரு விளக்கோடை வைப்பம், பிள்ளை."

கையை விட்டுவிட்டாள். பிறகு, கோபமில்லாமல்தான் கேட்டாள்.

"ஏன் வைக்கவேணும்? நீங்கள் ஒரு காரணம் சொல்லுங்கோ, நான் வைக்கிறன். அவ எங்களுக்காண்டி ஒருக்காலெண்டாலும் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகேல்லையே, பெரியம்மா."

காரணம் என் நாக்கில் இருந்தது. அவள் காத்திருந்தாள். அவளுடைய தாயைப் போலவே என் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

"உனக்கு விருப்பமில்லையெண்டால் விடு பிள்ளை" என்றேன்.

கலியாணம் ஆவணியில். சேலை எடுத்தாயிற்று. வாசலில் படம் இல்லை.